வாஷருக்கு அடியில் நீலம்

கோவில்பட்டி
20-1-1997

அன்பு மகள் சுகுணாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பொங்கலோடு போய்விட்டது. கோபம் மட்டும் இருக்கிறது, அதற்கு நான்தான் மருந்தும் நோயும். உன் சளி எப்படி? ஓசூர்க் குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா?

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேல்சாமி மாமா வாயால் வந்தால் கைகால் முளைத்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போனேன். அங்கே நேசம்மாள் டீச்சர் என்று ஓய்வு பெற்ற அம்மா. அவர்கள் வீட்டுக்காரர், காலமாகிவிட்டார், பஞ்சாலையில் ஃபிட்டர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த மெக்கானோ பெட்டி ஒன்று பரணில் இருப்பதாகக் கடைக்கு வந்த ஒரு பையன் சொன்னான். துளை போட்ட இரும்புப் பட்டை, தகடு, பித்தளை நட்டு, போல்ட்டு. பிள்ளைகள் கிரேன் செய்து விளையாடும் சாமானுக்கு ஐம்பத்திரண்டு வயதுக்காரன் நாயாய் அலைவது உனக்குத் தெரிந்ததுதானே.

பெட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சை. அதிலும் கிளிப்பச்சை! மனசு விட்டுப்போய், சும்மா ஒரு போல்ட்டைக் கழற்றினேன். நட்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. டீச்சர் கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. நட்டு கிடைக்காமல் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது என்பதும் உனக்குத் தெரியும். உள்ளே நுழைந்தேன். வேட்டி கட்டில் ஆணியில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஜெபத்துக்காகப் போதகரும் சபையாரும் வந்துவிட்டார்கள். அவர்கள் முதலில் தரிசித்தது என் பின்பக்கத்தை.

“யாரும்மா அது?”

“கோவில்பட்டி சைக்கிள்கடை அண்ணாச்சி, ஐயா. வெளையாட்டுச் சாமான் வாங்க வந்தாவ.”

“பேரப்பிள்ளைக்கா?”

“இல்ல, அவியளுக்குத்தான்.”

நட்டு கிடைத்தது. வேட்டி கிழிந்தது. ஆனால் சுகுணா, போல்ட்டைக் கழற்றிய இடத்தில் வாஷர் இருந்த வட்டம் மட்டும் பச்சை இல்லை. நீலம்! நடுராத்திரி வானம் மாதிரி நீலம், அதில் மயிரிழையாகப் பொன் கோடு. மெக்கானோவில் சிவப்பும் பச்சையும் எங்கும் கிடைக்கும். நீலமும் பொன்னும் கொஞ்ச காலம்தான் வந்ததாம். டீச்சர் சிரிக்கிறார்கள்: “ஜன்னலுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்திச்சு. அவிய எதையும் வீணாக்க மாட்டாவ. ஆட்டுக் கொட்டகைக்கும் அடிச்சாவ, இதுக்கும் அடிச்சாவ.” காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் சைக்கிளைப் பிரித்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

அம்மா இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறாள். வேல்சாமி மாமா கொண்டுவந்த இடம். விளாத்திகுளத்தில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் ராஜமணி அண்ணாச்சியின் மகன், மணிகண்டபிரபு. பி.காம். உன் மனசில் உள்ளதை எழுது.

கட்டிலுக்கு அடியிலிருந்து மீண்ட உன் அப்பா,
நந்தகோபால்


ஓசூர்
30-1-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சளி போய்விட்டது. நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள், வேட்டி தவிர.

கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் படித்தது தப்பு. சிரித்துப் புரையேறி, என் ரூமில் இருக்கும் பிரிஸ்கில்லா முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. “அவியளுக்குத்தான்” என்பதை அவளும் பாடமாக வைத்திருக்கிறாள். மெஸ்ஸில் நான் இரண்டாம் தோசை கேட்டால், “யாருக்கு? அவியளுக்குத்தான்!”

அந்த நீலம் எப்படிப்பட்ட நீலம்? நம் கடை பழைய பலகையின் நீலமா, இன்னும் கருப்பா? பொன் கோடு குறுக்கும் நெடுக்குமா, ஒரே பக்கமா? பச்சையை எப்படி எடுக்கப்போகிறீர்கள்? அவசரப்படாதீர்கள் அப்பா. அவசரத்தில் நீங்கள் செய்த எதுவும் உருப்பட்டதில்லை.

எனக்கும் ஒரு செய்தி. வரைபடப் பிரிவில் தனி டிராயிங் போர்டு கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரம். கியர் பெட்டிக்கு மூடி ஒன்றை முழுக்க நானே வரைந்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார், எதுவும் திருத்தாமல் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிவப்புப் பென்சில் சும்மா மேசைக்குத் திரும்பியதைப் பார்க்க வேண்டுமே!

இன்லண்டு லெட்டரின் ஒட்டும் மடிப்பு வரை எழுதிவிட்டேன். இனி இடமில்லை. அம்மாவுக்கு முத்தம்.

சுகுணா


கோவில்பட்டி
8-2-1997

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். உன் டிராயிங் போர்டு செய்தியைக் கடைக்கு வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பஞ்சர் ஒட்ட வந்தவரைக் காற்றுப் பிடிக்கவும் விடாமல் சொன்னேன்.

பச்சையை எடுக்கும் கதை: முதலில் தின்னர் தடவினேன், நீ சொன்ன அதே அவசரம். தகடு ஒன்றின் மூலையில் பச்சையோடு நீலமும் சேர்ந்து போய், அடி இரும்பு பல்லைக் காட்டியது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கிறேன். அம்மா சொல்வது: “தீப்பெட்டி ஊர்ல மண்ணெண்ணெயை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிய. ஒங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையா?”

ஒன்று கற்றுக்கொண்டேன். பழைய சாமானில் மேலே தெரிகிற நிறத்தை நம்பவே கூடாது. போல்ட்டைக் கழற்றி வாஷருக்கு அடியில் பார்க்க வேண்டும். அங்கே வெயிலும் படாது, எவன் பிரஷும் போகாது.

போட்டோ கிடைத்ததா? எடை போட்டுத்தான் ஸ்டாம்பு ஒட்டினேன், வழியில் நின்றிருக்காது. அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

நகத்தில் பச்சை ஏறிய உன் அப்பா,
நந்தகோபால்


ஓசூர்
11-3-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை அதிகம்.

போட்டோ கிடைத்தது. உங்கள் இருவர் விருப்பம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதைத் துடைத்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இரும்பு துருப்பிடிக்காது. அவர்கள் வீட்டில் வேலையை விடச் சொல்வார்களோ என்று சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சுகுணா


கோவில்பட்டி
20-3-1997

சுகுணாவுக்கு அம்மா எழுதுறது. ஒடம்பைப் பாத்துக்கோ. தலைக்கு எண்ணெய் வையி.

ஏட்டி, ஒன் சம்மதம் வந்ததும் மாமாவுக்குச் சொல்லியாச்சு. சித்திரை ஏழாம் தேதி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவ. நீ வெள்ளிக்கெழமையே வந்துரு. ராஜமணி அண்ணாச்சி வீட்டுல மருமக வேலைக்குப் போற வழக்கம் இல்லையாம். நிச்சயம் முடிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டு வந்துரலாம். அங்கன தட்டுல சோறு வாங்கித் திங்கிற பொழப்பு எதுக்கு?

ஒங்கப்பாவுக்கு என்னமோ மொகம் சரியில்ல. “அவகிட்ட இன்னொரு வாட்டி கேப்போமா”ன்னாவ. மாமா வாக்குக் குடுத்தாச்சு. இனி நம்ம பக்கத்துல இருந்து வேண்டாம்னா மாமா எப்படித் தலைகாட்டுவான்? பொண்ணு அங்கன யாரையோ பாத்து வச்சிருக்கான்னு ஊர் சொல்லும். ஒரு வாட்டி சொல்லிட்டா பெறகு எந்த வாசல்ல போயி நிக்க? சொல்லிட்டேன் அவியகிட்ட.

அந்த இரும்புக் கருமாந்திரம் எல்லாம் பரணுக்குப் போகணும்னும் சொல்லிட்டேன். வாறவிய அதைப் பாத்தா என்ன நெனப்பாவ? வரும்போது ஒரு மொழம் கனகாம்பரம் வாங்கிட்டு வராத, இங்கனயே கிடைக்கும்.

அம்மா


கோவில்பட்டி
27-3-1997

அன்பு மகளுக்கு,

சுகம். வெயில் இப்போதே கரிசலைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. வண்டியில் போனால் புழுதி மட்டும் முன்னால் போகிறது.

உன் கடிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பாதி இன்லண்டு வெள்ளையாகக் கிடக்கிறது. நீ எழுதி நான் பார்த்த முதல் வெள்ளைப் பாதி. ‘ஆட்சேபணை இல்லை’ என்பது எட்டாம் வகுப்பு படித்த எனக்கே ஆபீஸ் முத்திரை மாதிரி தெரிகிறது. சரி, அதை விடு.

இரும்பெல்லாம் பரணில் ஏறிவிட்டது. நீலத் தகடு ஒன்றை மட்டும் முன்னறையில் வைத்துக்கொள்ள உன் அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். வருகிறவர்கள் முன்னால் கை சும்மா இருந்தால் மீசையைப் பிடுங்குவேன் என்று சொல்லித்தான். அதில் ஒரு பித்தளை நட்டும் போல்ட்டும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பயமில்லாமல் வா.

அப்பா


புதியம்புத்தூர்
23-4-1997

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வேல்சாமி வணக்கத்துடன் எழுதியது. இங்கு அனைவரும் சுகம். தையல் யூனிட்டில் வேலை நெருக்கடி. நேரில் வந்தால் வாய் தவறிப் பேசிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அக்கா புருஷனை அப்படிப் பேசக் கூடாது.

அன்று நடந்ததை நானே ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடியும் போலிருக்கிறது. ராஜமணி அண்ணாச்சி உட்கார்ந்து கேசரியைக் கையில் எடுக்கிறார். பிள்ளை தலைகுனிந்து இருக்கிறான். சுகுணா காப்பித் தட்டோடு அடுக்களை வாசல் வரை வந்துவிட்டாள். நீங்கள் அந்தத் தகட்டைத் திருகிக்கொண்டிருந்தவர், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். மாரடைப்பு என்று ராஜமணி அண்ணாச்சி பதறிப்போய், “ஏலே, தண்ணி கொண்டாங்கலே!” என்கிறார். நீங்கள் சொன்னது என்ன? “யாரும் காலைத் தூக்காதிய! பித்தளை நட்டு விழுந்திருச்சு!”

அதோடு விட்டீர்களா? பெரிய மனுஷனை எழுப்பி வேட்டியை உதறச் சொன்னீர்கள். பிள்ளையின் அம்மாவைப் பாயிலிருந்து நகரச் சொன்னீர்கள். மாப்பிள்ளைப் பையனைச் செருப்பு விடும் இடத்தில் குனிந்து தேட வைத்தீர்கள். “அண்ணாச்சி, கேசரியில விழுந்திருக்கும், மென்னு பாத்து முழுங்குங்க” என்றும் சொன்னீர்கள். ஒரு கையால் தேடினீர்கள், இன்னொரு கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

நேற்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்: “பொண்ணு தங்கம். ஒரு கொறை சொல்ல முடியாது. அப்பன்தான் கோட்டி, புத்தி சரியில்ல. அந்த ரத்தம் பேரப்பிள்ளைக்கு வந்துரும்.” எனக்கும் ஒரு ஆறுதல் சொன்னார்கள்: “பாவம் வேல்சாமி, நீ என்ன செய்வ, ஒங்க அக்காவைக் குடுத்த எடம் அப்படி.”

நீங்கள் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வேல்சாமி


கோவில்பட்டி
29-4-1997

அன்பு மைத்துனர் வேல்சாமிக்கு,

சுகம். உன் கடிதத்தில் எழுதியது அத்தனையும் உண்மை. ஒரு இடத்தில் மட்டும் திருத்தம்: கேசரியை மென்று பார்க்கச் சொன்னது அண்ணாச்சியின் பல்லுக்காகத்தான், நட்டுக்காக அல்ல.

உன் வாக்குக்கு என்னால் பழுது வந்துவிட்டது. மன்னித்துக்கொள். வேண்டாம் என்றது அவர்கள்தானே, அதனால் உன் பேச்சும் நிற்கிறது, சுகுணா பெயரும் நிற்கிறது. கோட்டி என்ற பெயர் எனக்குப் புதிதல்ல, அது வருஷக்கணக்கில் பழகின சட்டை. அடுத்த ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வா. தரையை நன்றாகப் பெருக்கி வைக்கிறேன்.

நந்தகோபால்


ஓசூர்
7-5-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலம், நலம். இங்கே கோடை மழை பெய்தது. மெஸ் சாம்பாரில் இன்று பருப்பு இருந்தது. பிரிஸ்கில்லா நான் காரணமில்லாமல் பாடுகிறேன் என்று புகார் சொல்கிறாள்.

அம்மா எழுதியிருந்தாள். ஒரு பக்கம் முழுக்க உங்களுக்குத் திட்டு. கடைசி வரியில், “இனி அவளே சொல்லட்டும், பெறகு பாப்போம்” என்று போட்டிருக்கிறாள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்பா, நான் மார்ச்சில் எழுதின அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதை எழுதுவதற்கு முன்பு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். மாமா முகமும் அம்மா முகமும் குறுக்கே வந்தன. உங்கள் முகம் வந்திருந்தால் மனசில் உள்ளதை எழுதியிருப்பேனோ என்னவோ.

என்னை அனுப்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஏதோ சொல்ல வந்தீர்களே, அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். என்ன அது?

புது மெஷினுக்கு முழு வரைபடமும் எங்கள் மூன்று பேர் பொறுப்பு. அதில் நட்டு வரையும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, மேலதிகாரி முறைக்கிறார். ஓரத்தில் அந்தப் பித்தளை நட்டை அளவோடு வரைந்திருக்கிறேன், பாருங்கள். ஆமாம், அது கிடைத்ததா? நான் ஓசூருக்குக் கிளம்பும்வரை அம்மாவும் நானும் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தோம். கிடைக்கவில்லையே!

மடிப்பு வரை வந்துவிட்டேன். இனி ஓரத்தில்தான் எழுத வேண்டும். ஓரத்திலும் எழுதுகிறேன்: அடுத்த மாதம் வருவேன், எனக்கு ஒரு கிரேன் செய்து வையுங்கள்.

உங்கள் சுகுணா


கோவில்பட்டி
22-6-1997

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தின் ஓரத்தைப் படிக்கத் தாளைச் சுற்றிச் சுற்றி எனக்குக் கிறுகிறுப்பு வந்ததுதான் இங்கே உள்ள ஒரே நோய். மார்ச்சுக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் தகடு. நேற்றுத்தான் முடிந்தது. பச்சை ஒரு துளி இல்லை. நீலம் முழுசாக வெளியே வந்துவிட்டது. நீ கேட்டாயே, பொன் கோடு குறுக்கும் நெடுக்கும்தான், வலை பின்னின மாதிரி. ஒரு மூலையில் என் அவசரத்தின் கீறல் இருக்கிறது. இருக்கட்டும். சந்தைக்கு வந்த நேசம்மாள் டீச்சர் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளும் இதுவா எங்க வீட்டுல கெடந்திச்சு!” என்று தடவிக்கொண்டே இருந்தார்கள். திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், நெஞ்சு திக்கென்றுதான் கேட்டேன். “வேண்டாம் அண்ணாச்சி, அடுத்த தடவ ஜன்னலுக்கு அடிக்கும்போது எனக்கே கை சும்மா இருக்காது” என்று சொல்லிவிட்டார்கள்.

மணிகண்டபிரபுவுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. கழுகுமலைப் பக்கம் பெண். நமக்கும் பத்திரிகை வந்தது, நானும் அம்மாவும் மாமாவும் போனோம். மாமாவுக்கு முன்வரிசை நாற்காலி, நல்ல மரியாதை. பையன் முகம் மலர்ந்திருந்தது, அந்தப் பெண்ணும் அப்படியே. எனக்கு அது பெரிய நிம்மதி. ராஜமணி அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைவைத்து, “இப்ப எப்படி இருக்கு?” என்றார். “பரவால்ல அண்ணாச்சி, கொறஞ்சிருக்கு” என்றேன். “மனசைப் போட்டுக் கொழப்பிக்கிடாதிய” என்று இரண்டு தாம்பூலப் பை கொடுத்தார். தங்கமான மனுஷன்.

மாமா சிரித்துப் பேசுகிறான். உன் அம்மாதான் ஒரு மாதிரி பார்க்கிறாள். நேற்றுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒங்களுக்கு நெசமா ஒரு நட்டு தொலைஞ்சா பச்சத்தண்ணி எறங்காது. பாத்திருக்கேன். அன்னைக்கி அவிய போனதும் கேசரியை ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் தின்னிய.”

“கேசரி நல்லா இருந்திச்சு.”

“நெய் பத்தல. நட்டு எங்க?”

நான் தகட்டைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்தைத் துடைத்தேன். அவளும் எழுந்து போய்விட்டாள். போகும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் போனாள்.

உன் கிரேன் தயாராகிக்கொண்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

வைத்தியம் தேவைப்படாத உன் அப்பா,
நந்தகோபால்

பி.கு.: நட்டு கிடைத்ததா என்று நீயும் கேட்டிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் சொல்ல வந்தது என்ன என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அதை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை அம்மா, சட்டைப்பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.